பலர் வாழும் கட்டடத்தில் காற்றை அளத்தல்

ஒரே கூரையின்கீழ்ப் பலர் வாழும்போது உணவையும் நீரையும் தனித்தனியே பிரித்தளிக்கலாம். காற்றை அவ்வாறு பிரிக்க இயலாது. ஒருவர் வெளிவிட்ட மூச்சின் ஒரு பகுதி அடுத்தவரின் மூச்சில் சேர்கிறது. மாணவர் விடுதி, முதியோர் இல்லம், ஊழியர் தங்குவிடுதி ஆகிய அனைத்துக்கும் இது பொருந்தும்.

இதன் விளைவைச் சிங்கப்பூர் 2020ஆம் ஆண்டில் கண்டது. தங்குவிடுதிகளில் வாழ்ந்த ஏறத்தாழ 323,000 வெளிநாட்டு ஊழியர்களுள் 47 விழுக்காட்டினர் கொவிட்-19 தொற்றுக்கு ஆளாகியிருந்தனர் என்று அவ்வாண்டு டிசம்பரில் அறிவிக்கப்பட்டது. அவர்களுள் தமிழகத்திலிருந்து வந்தோரும் உண்டு. பெரும்பாலோருக்கு முன்பே தொற்று ஏற்பட்டிருந்தது என்பது குருதிச் சோதனையாலேயே தெரியவந்தது. ஆளுக்கு ஆள் சோதித்து முடிப்பதற்குள் நோய் முந்திக்கொள்கிறது. எனவே, அறையின் காற்றையே சோதித்து அறியலாகாதா என்னும் வினா எழுகிறது.

இவ்வெண்ணம் புதியதன்று. 1950களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் பால்டிமோர் நகர மருத்துவமனை ஒன்றில், காசநோயாளிகள் தங்கிய பகுதியின் காற்றைக் குழாய்வழி கொண்டுசென்று கினிப் பன்றிகளின் கூண்டறைக்குள் செலுத்தினர். நோயாளிகளை ஒருபோதும் நெருங்காத அவ்விலங்குகளுக்கும் காசநோய் தொற்றியது. புறஊதாக் கதிர் பாய்ச்சிய காற்றைச் சுவாசித்தவற்றுக்குத் தொற்றவில்லை. காற்றே நோயைச் சுமந்து சென்றது என்பதற்கு அது சான்றாயிற்று.

இன்று விலங்குகளின் இடத்தைக் கருவிகள் ஏற்றுள்ளன. சிறு விசைக்குழாய் அறைக்காற்றை உறிஞ்சி வடிதாள்வழியாகவோ நீர்மத்தின்வழியாகவோ செலுத்துகிறது. அதில் சிக்கும் நுண்துளிகள் பிசிஆர் எனப்படும் மரபணுச் சோதனைக்கு உட்படுகின்றன. ஆய்வகத்தில் இதற்குப் பல மணி நேரம் ஆகும். 2023ஆம் ஆண்டில் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஏறத்தாழ ஐந்தே நிமிடங்களில் கொவிட்-19 நச்சுயிரியை அறையிலேயே கண்டறியும் கருவியை வெளியிட்டனர்.

ஆயினும், இச்சோதனையின் எல்லைகளை உணர்தல் வேண்டும். நச்சுயிரி காற்றில் உள்ளது என்று கருவி கூறும். யாரிடமிருந்து வந்தது என்று கூறாது. மரபணுச் சோதனை செயலிழந்த நச்சுயிரியையும் காட்டக்கூடும். மேலும், ‘காணப்படவில்லை’ என்னும் முடிவு ‘இல்லவே இல்லை’ என்று பொருள்படாது. உறிஞ்சப்பட்டது அறைக்காற்றில் ஒரு சிறு பங்கே.

இக்குறையை நிரப்ப எளிய துணையளவு ஒன்றுண்டு. அது கரியமில வாயு. வெளிக்காற்றின் பத்து இலட்சம் பங்கில் அது ஏறத்தாழ 420 பங்கு. நாம் வெளிவிடும் மூச்சிலோ ஏறத்தாழ 40,000 பங்கு. ஓர் அறையில் 1,220 பங்கு காணப்பட்டால், கூடுதலான 800ஐ 40,000ஆல் வகுக்க, ஐம்பதில் ஒன்று கிடைக்கும். அதாவது, அங்கு உறங்குபவர் இழுக்கும் ஒவ்வோர் ஐம்பது மூச்சிலும் ஒரு மூச்சளவு, முன்பே எவரோ வெளிவிட்ட காற்றாகும். மாணவர் தம் வகுப்பறையிலும் இக்கணக்கைச் செய்து பார்க்கலாம். ஆனால், காற்று வடிகட்டி நச்சுயிரியை நீக்கும், கரியமில வாயுவை நீக்காது. எரியும் அடுப்பு அவ்வாயுவைக் கூட்டும். இவ்விரண்டையும் மனத்திற்கொண்டே எண்ணைப் படிக்கவேண்டும்.

அளவீட்டின் பயன் அதனைத் தொடரும் செயலில் உள்ளது. ஒரிகன் பல்கலைக்கழக விடுதியில் தொற்றுடன் தனிமையிலிருந்த மாணவர்களின் அறைகளை ஆராய்ந்தபோது, சன்னல் நெடுநேரம் திறந்திருந்த அறைகளில் நச்சுயிரியின் அளவு குறைந்திருந்தது. சிங்கப்பூரில், புதிய தங்குவிடுதிகளில் ஓர் அறையில் 12 பேருக்கு மேல் தங்கலாகாது என்று 2021இல் விதிக்கப்பட்டது. சன்னலும் ஆள்தொகையும் காற்றின் தரத்தை நிர்ணயிப்பவை.

ஆதலின், கருவியைப் பொருத்துமுன் மூன்றை முடிவுசெய்தல் நன்று: எண்ணைப் பார்ப்பவர் யார், எந்த அளவில் செயற்படுவது, எச்செயலைச் செய்வது. அவ்வெண் மேலாளரின் அறையோடு நில்லாமல், அக்காற்றைச் சுவாசிப்போரின் கண்ணிலும் படவேண்டும். நள்ளிரவில் எழுந்து சன்னலைத் திறக்கக்கூடியவர்கள் அவர்களே.