ஹெர்பீஸ் பரிசோதனை: விரைய வேண்டியது எப்போது, காத்திருக்க வேண்டியது எப்போது?

பாலுறவின் மூலம் ஹெர்பீஸ் கிருமி தொற்றியிருக்குமோ என்று அஞ்சுபவர்களில் பலர் முதலில் நாடுவது இரத்தப் பரிசோதனையை. மறுநாளே ஆய்வுகூடத்துக்குச் சென்று, 'தொற்று இல்லை' என்ற முடிவைப் பெற்று நிம்மதியுடன் திரும்புபவர்களும் உண்டு. ஆனால் அவர்கள் கேட்ட கேள்விக்கு அந்த முடிவு விடையே அல்ல.

இந்த இரத்தப் பரிசோதனை வைரஸைத் தேடுவதில்லை. வைரஸுக்கு எதிராக உடல் உருவாக்கும் எதிர்ப்புப் புரதங்களையே அது தேடுகிறது. அவை இரத்தத்தில் கண்டறியக்கூடிய அளவுக்குப் பெருகச் சில வாரங்கள் ஆகும். சிலருக்கு 12 வாரங்கள் வரை செல்லும். ஆகவே மறுநாள் எடுக்கப்படும் பரிசோதனை, அந்த உறவுக்கு முன்பே அவருக்குத் தொற்று இருந்ததா என்பதை மட்டுமே சொல்லும்.

கொப்புளமோ புண்ணோ தோன்றினால் நிலைமை முற்றிலும் வேறு. அறிகுறிகள் ஏற்படுவோருக்கு அவை பெரும்பாலும் 2 முதல் 12 நாட்களுக்குள் தெரியவரும். அப்போது ஒரு நாள் கூடத் தாமதிக்கக் கூடாது. புண்ணிலிருந்து பஞ்சுக் குச்சியால் மாதிரி எடுத்து, வைரஸின் மரபணுவைத் தேடும் பி.சி.ஆர். பரிசோதனையே இருப்பவற்றுள் மிகவும் நம்பகமானது. ஹெர்பீஸின் இரண்டு வகைகளில் எது என்பதையும் அது காட்டிவிடும். புண் ஆறத் தொடங்கினால் வைரஸ் அகப்படும் வாய்ப்புக் குறைகிறது. அசைக்லோவிர் போன்ற மருந்துகளும் முதல் சில நாட்களில் தொடங்கினால்தான் நன்கு பயன்தரும் என்பதால், முடிவு வரும்வரை மருத்துவர்கள் காத்திருப்பதில்லை. (தமிழில் 'அக்கி' என்று வழங்குவது பெரும்பாலும் சின்னம்மை வைரஸால் வருவது. அது இதே குடும்பத்தைச் சேர்ந்த வேறொரு கிருமி. பாலுறவால் பரவும் நோயல்ல.)

பிரிட்டனில் உள்ள தமிழர்கள் இதற்குக் குடும்ப மருத்துவரிடம் செல்லவேண்டும் என்பதில்லை. தேசிய சுகாதார சேவையின் பாலியல் நல மையங்களில் பரிசோதனை இலவசம். நோயாளியின் அனுமதியின்றிக் குடும்ப மருத்துவருக்குத் தகவல் அனுப்பப்படுவதில்லை. உறவினர் அனைவருக்கும் ஒரே மருத்துவர் என்றிருக்கும் குடும்பங்களில் இது சிறிய விடயமல்ல.

புண் எதுவும் இல்லாதவர்களுக்கு அந்த மையங்கள் பொதுவாக ஹெர்பீஸ் பரிசோதனை செய்வதில்லை. 'முழுமையான பாலியல் நோய்ப் பரிசோதனை' செய்துகொண்டதாக நம்பும் பலருக்கு, அதில் ஹெர்பீஸ் சேரவில்லை என்பது தெரியாது. இது அலட்சியம் அல்ல. அறிகுறியற்றவர்களுக்கு வழக்கமாக இந்த இரத்தப் பரிசோதனையைச் செய்ய வேண்டாம் என 2016இல் அமெரிக்காவின் தடுப்புச் சேவைகளுக்கான பணிக்குழு பரிந்துரைத்தது. 2023இல் அதையே மீண்டும் உறுதிசெய்தது. அக்குழு காட்டிய கணக்கு திடுக்கிட வைப்பது. நூற்றுக்கு 15 பேரிடம் இரண்டாம் வகைத் தொற்று உள்ள ஒரு சமூகத்தில் 10,000 பேரைப் பரிசோதித்தால், சுமார் 1,485 பேருக்குச் சரியாகவும், 1,445 பேருக்குத் தவறாகவும் 'தொற்று உண்டு' என முடிவு வரும். அதாவது அத்தகைய முடிவு பெறுவோரில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அந்த நோயே இல்லை.

ஆனாலும் தகுந்த காரணம் உள்ளவர்கள், உதாரணமாகத் துணைவருக்கு ஹெர்பீஸ் இருப்பது தெரிந்தவர்கள், 12 வாரங்கள் கழித்து வகையைப் பிரித்தறியும் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளலாம். அறிக்கையில் உள்ள எண்ணளவையும் கேட்டறிய வேண்டும். பரவலாகப் பயன்படும் பரிசோதனைகளில் அது 1.1க்கும் 3க்கும் இடையில் இருந்தால், வேறொரு முறையில் உறுதிசெய்யாமல் எதையும் முடிவு கட்டக் கூடாது. சில ஆய்வுகூடங்கள் விற்கும் ஐ.ஜி.எம். பரிசோதனை, தொற்று புதியதா பழையதா என்பதை நம்பகமாகக் காட்டுவதில்லை. அதற்குச் செலவிடுவது வீண்.

முதலாம் வகைக்கு நேர் முடிவு வந்தால் இன்னொரு குழப்பம். 50 வயதுக்குட்பட்டவர்களில் சுமார் 380 கோடிப் பேருக்கு இந்த வகைத் தொற்று உள்ளதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. அவர்களில் மிகப் பெரும்பாலானோருக்கு அது வாய்ப்பகுதியிலேயே இருக்கிறது. பலருக்குச் சிறுவயதில் தொற்றியது. தொற்று உடலின் எப்பகுதியில் உள்ளது என்பதை இரத்தம் சொல்லாது.

யாரிடமிருந்து, எப்போது தொற்றியது என்பதையும் அது சொல்லாது. இந்த வைரஸ் ஆண்டுக்கணக்கில் அறிகுறியின்றி நரம்பணுக்களில் ஒடுங்கிக் கிடந்து, திருமணத்துக்குப் பின்னர் முதல் தடவையாகப் புண்ணாக வெளிப்படலாம். அதை வாழ்க்கைத் துணையின் துரோகத்துக்குச் சான்றாகக் கொள்ளும் குடும்பங்கள், சான்றே இல்லாத ஒன்றின் மேல் தீர்ப்பு வழங்குகின்றன.

காத்திருக்கக் கூடாதவர்கள் கர்ப்பிணிகள். பேறுகாலத்தின் கடைசி மூன்று மாதங்களில் முதல் தடவையாகத் தொற்றினால், பிரசவத்தின்போது குழந்தைக்கு ஆபத்து அதிகம் என்பதால், ஐயம் எழுந்தவுடனேயே மருத்துவரிடம் கூறவேண்டும். மற்றவர்களுக்கு ஹெர்பீஸைவிட அவசரமானது எச்.ஐ.வி.யாக இருக்கலாம். அதைத் தடுக்கும் மாத்திரைகளை, ஆபத்து நேர்ந்த 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும்.