பயற்று மூடைக்குள் சாகாத வண்டு

"மருந்து போட்டும் வண்டு சாகவில்லை. குளிசை போலியா?" பயறு, உழுந்து, கௌப்பி மொத்தமாக வாங்கி வைக்கும் யாழ்ப்பாணத்துச் சகோதரர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இது. போலியும் சந்தையில் இருக்கலாம். ஆனால் நான் பார்த்த அளவில் குறை பெரும்பாலும் குளிசையில் இல்லை, அதைப் போடும் விதத்தில்தான்.

பயற்று வண்டு வயலிலேயே நெற்றில் முட்டையிட்டு, மூடையோடு கடைக்கு வந்துவிடுகிறது. புழு மணியைத் துளைத்து உள்ளேயே வளர்வதால் வெளியே தெளிக்கும் மருந்து அதைத் தொடுவதில்லை. ஒரு பெண் வண்டு 100 முட்டை வரை இடும். நம் வெக்கையில் மூன்று, நான்கு வாரத்தில் அடுத்த தலைமுறை வெளியே வந்துவிடும். தைப்பொங்கலுக்கென்று வாங்கி அடுக்கிய பயறு அதற்குள் ஓட்டையாகிவிடும். ஓட்டைப் பயற்றை நல்லதன் அடியில் கலந்து தள்ளுவோரும் உண்டு. நபி (ஸல்) அவர்கள் சந்தையில் தானியக் குவியலுக்குள் கைவிட்டு ஈரத்தைக் கண்டுபிடித்த சம்பவம் அவர்களுக்கும் தெரிந்ததுதானே!

அலுமினியம் பொஸ்பைட் குளிசை காற்றின் ஈரம் பட்டதும் பொஸ்பீன் என்னும் நச்சு வாயுவை விடுகிறது. 3 கிராம் குளிசை 1 கிராம் வாயு தரும். அது மணிக்குள் நுழைந்து முட்டையையும் கூட்டுப்புழுவையும் கொல்ல, ஒரு வாரமளவு கசியாமல் அடைபட்டிருக்க வேண்டும். கிழிந்த படங்கால் மூடிவிட்டு மூன்றாம் நாளே திறந்தால் வலுவற்ற வண்டு சாகும். தாங்கக்கூடியது பிழைத்துப் பெருகும். ஐ.நா. உணவு விவசாய ஸ்தாபனம் 1972-73இல் உலகெங்கும் களஞ்சியப் பூச்சிகளைச் சோதித்தபோதே, ஏறத்தாழப் பத்து மாதிரிகளில் ஒன்று பொஸ்பீனைத் தாங்கியது. பங்களாதேஷின் உணவுக் களஞ்சியங்களில் இதே சிக்கல் 1983இல் பதிவானது. இன்னொரு வாயுவான மெதைல் புரோமைட், ஓசோன் படையைக் கெடுப்பதால் தொற்றுத்தடுப்புத் தேவைக்கன்றி 2015உடன் நம்மைப் போன்ற நாடுகளிலும் நிறுத்தப்பட்டது. பொஸ்பீனும் பலிக்காமல் போனால் மலிவான மாற்று இல்லை.

கடைக்கு மேலேயோ பின்னாலேயோ குடும்பம் உறங்கும் இடத்தில் இக்குளிசையைத் தொடவே வேண்டாம். அது மனிதரையும் கொல்லும். பயிற்சி பெற்றவரைக் கொண்டு, ஆளில்லாக் களஞ்சியத்தில் மட்டும் போடுவியுங்கள்.

சிறு வியாபாரிக்கு நான் சொல்வது காற்றுப்புகாப் பை. அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தார் 1980களின் பிற்பகுதியில் கமரூனில் கௌப்பிக்காகவே உருவாக்கிய முறை அது. நன்றாகக் காய்ந்த தானியத்தை ஒன்றுக்குள் ஒன்றான இரு தடித்த பொலித்தீன் பைகளில் இறுகக் கட்டி, வெளியே உரப்பை போடுவது. உள்ளிருக்கும் வண்டு ஒட்சிசனைத் தீர்த்துத் தானே அடங்கும். அன்றாடம் அள்ளி விற்கும் மூடைக்கு இது சரிவராது. அதை உடைத்த பருப்பாக வைப்பது மேல், அதில் இவ்வண்டு எளிதில் பெருகாது.

வாங்கும்போது ஒரு கைப்பிடியை வெளிச்சத்தில் பாருங்கள். மணியில் வெள்ளைப் புள்ளி ஒட்டியிருந்தால் அது முட்டை. அந்த மூடையைப் பழைய சரக்கோடு அடுக்காதீர்கள்.