கல்லாங்காட்டுக்குக் கடப்பாரை

எங்கள் காடு அரவக்குறிச்சிப் பக்கம். மேலே ஒரு சாண் செம்மண், அதற்குக் கீழே சரளை, அதற்கும் கீழே வெள்ளை வெளேரென்று சுக்காம்பாறை. "இதுல மரம் வைக்கறதுக்கு வித்துப்போட்டுப் போயிரலாம்" என்று சொந்தக்காரர்கள் சொல்லாத நாளில்லை. சொன்னவர்கள் மேல் தப்பில்லை. முதல் தடவை நான் செய்த வேலை அப்படி.

அந்த முதல் தடவை ஜேசிபியைக் கொண்டுவந்து மூன்றடிக்கு மூன்றடி குழி எடுத்தேன். நாற்பது எலுமிச்சை. ஒரே நாளில் வேலை முடிந்துவிட்டது, எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் வாளி என்ன செய்தது தெரியுமா? மேலிருந்த ஒரு சாண் உயிர்மண்ணை அடியில் தள்ளி, அடியிலிருந்த சுக்கானை அள்ளி மேலே கொட்டிவிட்டது. ஆறு மாதத்தில் கொழுந்து இலையெல்லாம் மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை. சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இரும்புச் சத்து இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது. சாணியும் பஞ்சகவ்யமும் ஊற்றிப் பார்த்தேன். பாதிக்கு மேல் போய்விட்டது.

அதற்குப் பிறகுதான் கடப்பாரையைக் கையில் எடுத்தேன். சொல்லிக்கொடுத்தவர் பக்கத்து ஊரில் ரொம்ப வருசம் கிணறு வெட்டப் போன பெரியவர். நான் மூச்சு வாங்க வாங்கக் குத்துவதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "தம்பி, நீங்க பாரையத் தூக்குனாப் போதும். குத்துற வேலைய அதே பாத்துக்கும்" என்றார். அன்றைக்குப் புரியவில்லை. ஒரு வாரம் உள்ளங்கை கொப்புளித்த பிறகு புரிந்தது.

கடப்பாரை கனமாக இருப்பதே அதற்குத்தான். ஐந்தடி நீளம், 25 மில்லிமீட்டர் தடிமன் உள்ள பாரை ஏறக்குறைய 6 கிலோ இருக்கும். அதே நீளத்தில் 32 மில்லிமீட்டர் என்றால் 9 கிலோவைத் தாண்டிவிடும். பெரியதுதான் நல்லது என்று வாங்கிவிடாதீர்கள். காலையில் இரண்டு மணி நேரம் தொடர்ந்து தூக்கிப் போட முடிகிற பாரைதான் உங்கள் பாரை. நெஞ்சு உயரத்துக்குத் தூக்கி, நேராக விட வேண்டும். கை வழிகாட்டினால் போதும். முனை கல்லில் படுகிற நேரத்தில் பிடியைச் சற்றுத் தளர்த்திக்கொண்டால் அதிர்வு தோளுக்கு ஏறாது. இறுக்கிப் பிடித்துக் குத்துகிறவருக்குத்தான் இரவில் முழங்கை வலிக்கும்.

அடுத்தது காது. 'தொப்' என்று சத்தம் வந்தால் மண். 'கரக்' என்றால் சரளை. 'டங்' என்று பாரை எதிர்த்துப் பாடினால் அடியில் முழுக்கல். 'டங்' கேட்ட இடத்திலேயே மறுபடி மறுபடி குத்துவதுதான் நாம் எல்லோரும் செய்கிற தப்பு. பாரையின் முனை மழுங்கும், கல் அப்படியே இருக்கும். நாலு பக்கமும் லேசாகத் தட்டிக்கொண்டே போங்கள், சத்தம் மாறுகிற இடம்தான் கல்லின் ஓரம். அங்கே கூர்முனையால் மண்ணைத் தளர்த்தி, பட்டை முனையைக் கல்லுக்கு அடியில் கொடுக்க வேண்டும்.

இனிமேல் குத்தல் வேலை இல்லை, நெம்பு வேலை. பாரைக்கு அடியில், முனையிலிருந்து அரையடி தள்ளி ஒரு அணைகல் வையுங்கள். ஐந்தடிப் பாரையில் உங்கள் கைப்பக்கம் நாலரை அடி, கல் பக்கம் அரையடி. ஒன்பது மடங்கு. நீங்கள் 30 கிலோ அழுத்தினால் கல்லுக்கு அடியில் 270 கிலோ தூக்கும். ஒரு கன அடிக் கருங்கல் 75 கிலோ சுமாருக்கு இருக்கும், அப்படியானால் மூன்று கன அடிக் கல்லையே ஒற்றை ஆள் அசைக்கலாம். ஆனால் கை ஒன்றரை அடி இறங்கினால் கல் இரண்டு அங்குலம்தான் ஏறும். ஏறியதும் அடியில் சில்லுக்கல்லைத் திணித்து, அணைகல்லை உயர்த்தி, மறுபடி நெம்ப வேண்டும். பொறுமை இல்லாதவருக்கு இந்த வேலை ஒத்துவராது.

எனக்கும் பொறுமை இருக்கவில்லை. ஒரு நாள் கல் அசையாத கோபத்தில் பாரை மேல் நெஞ்சைக் கொடுத்து உடம்போடு தொங்கினேன். அணைகல் நழுவியது. பாரை துள்ளி வந்து கீழுதட்டைப் பிளந்துவிட்டது. நாலு தையல். ஆகவே பாரைக்கு மேல் முகத்தைக் கொண்டுபோகாதீர்கள், இரண்டு காலுக்கு நடுவே வைத்து நெம்பாதீர்கள். பக்கவாட்டில் நின்று அழுத்துங்கள். செருப்போடு வேலை செய்யாதீர்கள், மூடிய காலணி வேண்டும். வெங்கச்சாங்கல் இருக்கிற காட்டில் கண்ணாடியும் போட்டே ஆக வேண்டும், அதன் சில்லு கத்தி மாதிரி பறக்கும்.

இப்போது குழிக்கு வருவோம். மூன்றடிக் குழி என்றால் 27 கன அடி மண், ஒரு டன்னுக்கு மேல். ஒன்றரை அடிக் குழி என்றால் மூன்றரை கன அடிகூட வராது, அதாவது எட்டில் ஒரு பங்கு. நான் இப்போது ஒன்றரை அடிதான் எடுக்கிறேன். மேல்மண்ணை ஒரு பக்கம், சரளையை இன்னொரு பக்கம் தனித்தனியாகப் போடுகிறேன். குழியின் அடியில் கூர்முனையால் ஐந்தாறு துளை, ஒவ்வொன்றும் ஒரு முழம் ஆழம். பாரையை இறக்கி நாலு பக்கமும் ஆட்டி எடுத்தால் மூன்று விரல் அகலத்துக்குத் துளை கிடைக்கும். அதில் மக்கிய எருவும் மேல்மண்ணும் கலந்து நிரப்பிவிடுவேன். வேர் அந்த வழியாக இறங்கிவிடுகிறது. சுக்கான் எங்கேயும் மேலே வருவதில்லை.

சுக்கான் ரொம்பக் கெட்டியாக இருந்தால் அதோடு சண்டை போடுவதில்லை. குழியில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றி விட்டுவிட்டு மறுநாள் காலையில் வருகிறேன். முந்தின நாள் பொறி பறந்த இடத்தில் பாரை அரை விரற்கடையாவது இறங்கும். கோடை மழை விழுந்த மூன்றாம் நாள் நாலாம் நாள் என்றால் தண்ணீர் ஊற்றும் வேலையும் மிச்சம். குழிகளை ஆடிக்குள் முடித்துவிட்டால் ஐப்பசி மழை பார்த்து நட்டுவிடலாம். இருபதடி இடைவெளியில் முருங்கை என்றால் ஏக்கருக்கு 108 குழி. நாளைக்கு நாலு குழி வீதம் ஒரு மாதம்.

எடுத்த கல்லை வண்டியில் ஏற்றி வெளியே அனுப்பாதீர்கள். பெரிய கற்களைச் சரிவுக்குக் குறுக்கே வரப்பாக அடுக்கினேன். இரண்டு மழையில் அதன் மேல்பக்கம் வண்டல் தங்கிவிட்டது. சின்னக் கற்களை மரத்தடியில் பரப்பினால் ஈரம் காயாது. எல்லையில் கிளுவைப் போத்து ஊன்றவும் இதே பாரைதான். துளை போட்டு ஊன்றினால் பட்டை உரியாது.

பாரையைப் பற்றி இன்னொன்று. முனை மழுங்கினால் கிரைண்டரில் பிடித்துத் தீட்டிவிடுகிறோம். இரும்பு நீலம் பாரித்தால் அந்த இடத்தில் உரம் போய்விட்டது என்று அர்த்தம், மறுநாளே வளையும். கொல்லுப்பட்டறைக்குக் கொண்டுபோங்கள். காய்ச்சி அடித்து, நுனியைத் தண்ணீரில் தோய்த்து, மேலே மிச்சமிருக்கிற சூடு நுனிக்கு இறங்கி நிறம் மாறுவதைப் பார்த்து மறுபடி தோய்ப்பார்கள். அதற்குப் பெயர் தோய்ச்சல். தோய்ச்சல் மிஞ்சினால் முனை சிதறும், குறைந்தால் வளையும். கைப்பக்குவம்தான். எங்கள் பகுதியில் அந்தப் பட்டறைகள் குறைந்துகொண்டே வருகின்றன. உங்கள் ஊரில் ஒன்று இருந்தால் வேலை கொடுத்துக் காப்பாற்றுங்கள்.

இலங்கைத் தமிழர்கள் இதை அலவாங்கு என்கிறார்கள். நெம்புகோலுக்கான போர்த்துக்கீசியச் சொல்லிலிருந்து வந்த பெயர். குத்துவதைவிட நெம்புவதற்கே இது பிறந்தது என்று பெயரிலேயே இருக்கிறது.

ஜேசிபி குழியில் பிழைத்த எலுமிச்சை பதினேழு இன்னும் நிற்கின்றன. போன வருசம் அவற்றைச் சுற்றி, தூரிலிருந்து மூன்றடி தள்ளி, வட்டமாகப் பாரையால் துளை போட்டு எரு நிரப்பினேன். பன்னிரண்டில் பச்சைக் கொழுந்து வந்திருக்கிறது. மீதி ஐந்துக்கு இந்த ஆடியில் மறுபடி துளை போடப் போகிறேன்.