வயசுக்கு வந்த பொண்ணு கூடைப்பந்து ஆடலாமா?

"சின்ன வயசுல ஆடினா சரி... வயசுக்கு வந்த பிறகும் இப்படிக் குதிச்சுக்கிட்டு இருந்தா, கர்ப்பப்பை என்னத்துக்கு ஆகும்? நாளைக்குக் குழந்தை பிறக்கறதுல சிக்கல் வராதா?"

பெண் குழந்தை உள்ள பல வீடுகளில் இன்னமும் கேட்கிற குரல் இது. பாட்டி சொல்வார், அத்தை தலையாட்டுவார், அம்மாவுக்கும் அடிவயிற்றில் லேசாக ஒரு பயம் வரும். படித்தவர்கள் வீடு என்றால் காரணம் கொஞ்சம் மாறும், அவ்வளவுதான். அணுசக்தித் துறை ஊழியர்கள் குடியிருக்கும் அணுபுரம், கல்பாக்கம் மாதிரியான இடங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்பதாம் வகுப்பு வந்ததும் ட்யூஷன், நுழைவுத் தேர்வு என்று ஆரம்பித்துவிடும். மைதானத்திலிருந்து முதலில் வெளியே வருவது பெரும்பாலும் பெண்தான்!

இந்தப் பயத்துக்குப் பதிலாக ஒரு வாழ்க்கையே இருக்கிறது. இரண்டு மணி நேரப் பயணத்தில் இருக்கும் சென்னையில் பிறந்த அனிதா பால்துரையின் வாழ்க்கை.

பதினைந்தில் ஆரம்பம்... முப்பத்திரண்டில் வெற்றி!

அனிதா பிறந்தது 1985-ல். 2000-ல், பதினைந்து வயதில், இந்திய அணிக்கு ஆட வந்தார். பத்தொன்பது வயதில் கேப்டன்! 2017 வரை 18 வருடங்கள் நாட்டுக்காக ஆடினார். சீனியர் அணிக்காகத் தொடர்ந்து ஒன்பது ஆசிய சாம்பியன்ஷிப் போட்டிகளில் ஆடிய முதல் இந்தியப் பெண் இவர். தேசியப் போட்டிகளில் மட்டும் 30 பதக்கங்கள். 2021-ல் பத்மஸ்ரீ விருது.

நடுவில் கல்யாணம், குழந்தை எல்லாம் ஆயிற்று. "அவ்வளவுதான், இனி வீட்டைப் பார்" என்று ஊர் சொல்லும் கட்டம். ஆனால், அம்மா ஆன பிறகும் திரும்பி வந்தார். 2017 ஜூலையில் பெங்களூரில் நடந்த ஆசியக் கோப்பை 'பி' பிரிவில் இந்தியப் பெண்கள் அணியில் இருந்தார். இறுதி ஆட்டத்தில் கஜகஸ்தானை 75-73 என்று ஜெயித்து, இந்தியா மேல் பிரிவுக்குப் போனது. குதித்ததால் கர்ப்பப்பை கெடும் என்றால், இந்தக் கதையே நடந்திருக்காதே!

மருத்துவமும் இதைத்தான் சொல்கிறது. ஓடுவதாலோ குதிப்பதாலோ கர்ப்பப்பை இடம் மாறுவதும் இல்லை. பின்னால் பிரசவம் சிக்கலாவதும் இல்லை. மாதவிலக்கு நாட்களிலும், உடம்பு இடம் கொடுத்தால், தாராளமாக ஆடலாம். இன்னொரு பக்கம், 'கூடைப்பந்து ஆடினா பொண்ணு உயரமாயிடுவா' என்பதும் சரியில்லை. உயரத்தைப் பெரும்பாலும் தீர்மானிப்பது பரம்பரைதான்.

அங்கே பட்டாளம்... இங்கே அம்மா!

ஐரோப்பாவிலிருந்து போன ஒரு வீரரைப் பாருங்கள். ஜெர்மனிக்காரர் டிர்க் நோவிட்ஸ்கி. 1998-லிருந்து 2019 வரை அமெரிக்காவின் டல்லாஸ் மாவெரிக்ஸ் என்ற ஒரே அணிக்கு 21 சீசன்கள் ஆடினார். 2011-ல் சாம்பியன் பட்டமும் வாங்கினார். ஓய்வு பெற்றபோது வயது 40. அப்படிப்பட்ட அணிகளில் டாக்டர், பிசியோதெரபிஸ்ட், பயிற்சியாளர் என்று ஒரு பட்டாளமே கூட இருக்கும்.

நம்ம ஊரில்? கூடைப்பந்தை மட்டும் நம்பி வாழ முடியாது. அனிதாவுக்குக் கை கொடுத்தது தெற்கு ரயில்வே வேலை. பள்ளியில் ஆடும் பெண்ணுக்கோ அம்மாதான் டாக்டர், அம்மாதான் பிசியோ, சமையலும் அவரேதான்! அதனால் அம்மாக்களே, பயப்பட வேண்டியது கர்ப்பப்பைக்காக இல்லை. வேறு சில விஷயங்கள் இருக்கின்றன.

எதைக் கவனிக்கணும்?

ரத்தசோகை: 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 59 பேருக்கு ரத்தசோகை. ஆடினால் சீக்கிரம் மூச்சு வாங்குகிறது, படித்தால் தூக்கம் வருகிறது என்றால் சோம்பேறித்தனம் என்று திட்டாதீர்கள். ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருக்கிறதா என்று பாருங்கள். கீரை, சுண்டல், பேரீச்சை, வாரத்தில் இரண்டு மூன்று நாள் மீன் அல்லது முட்டை கொடுக்கலாம். கூடவே எலுமிச்சையோ நெல்லிக்காயோ இருந்தால் இரும்புச்சத்து நன்றாக உடம்பில் சேரும். சாப்பிட்ட கையோடு டீ, காபி வேண்டாம். எலும்புக்குக் கேழ்வரகு, பால், முள்ளோடு சாப்பிடும் நெத்திலி.

முழங்கால்: கூடை இருப்பது பத்தடி உயரத்தில். அதனால் குதிப்பதும் இறங்குவதும் ஓயாது. முழங்காலுக்குள் இருக்கும் 'ஏ.சி.எல்.' என்ற லிகமென்ட் கிழியும் ஆபத்து, ஒரே விளையாட்டை ஆடும் பையன்களைவிடப் பெண்களுக்குப் பல மடங்கு அதிகம். வயதுக்கு வந்த பிறகுதான் இந்த வித்தியாசம் தெரிய ஆரம்பிக்கிறது. கிழிந்து ஆபரேஷன் செய்தால், மைதானத்துக்குத் திரும்ப ஒன்பது மாதமாவது ஆகலாம். ஆனால் இதைப் பெரும்பாலும் தடுக்க முடியும். ஆடுவதற்கு முன் 15 நிமிடம் வார்ம்-அப். தொடைக்கும் இடுப்புக்கும் வலு தரும் பயிற்சி. குதித்து இறங்கும்போது முழங்காலை மடித்து, உள்பக்கம் சாயாமல் இறங்கும் பழக்கம். இந்த மூன்றையும் சொல்லித் தருகிறாரா என்று கோச்சிடம் கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை!

மாதவிலக்கு நின்றுபோனால்: ஆடும் பெண்ணுக்குத் தொடர்ந்து மூன்று மாதம் வரவில்லை என்றால், 'விளையாடறதால அப்படித்தான்' என்று விட்டுவிடாதீர்கள். உழைக்கிற அளவுக்குச் சாப்பாடு போதவில்லை என்பதற்கான அடையாளமாக இருக்கலாம். அப்படியே விட்டால் எலும்பு பலவீனமாகும். டாக்டரிடம் காட்டுங்கள்.

வெயில்: கடலோரக் காற்றில் ஈரப்பதம் அதிகம், வியர்வை சுலபமாகக் காயாது, உடம்புச் சூடும் சட்டென்று இறங்காது. காலை ஏழு மணிக்குள், இல்லாவிட்டால் சாயங்காலம் ஐந்துக்கு மேல் ஆட வையுங்கள். பையில் தண்ணீரோடு உப்புப் போட்ட மோரும் இருக்கட்டும்.

அம்மா ஆன பிறகு?

அனிதா மாதிரி திரும்பி வர ஆசையா? அவசரம் வேண்டாம். கர்ப்ப காலத்தில் தளர்ந்த மூட்டுகளும் இடுப்புத் தசைகளும் பழைய வலுவுக்கு வர நாளாகும். முதலில் மெதுவான நடை, இடுப்புத் தசைப் பயிற்சி. ஆறு வாரம் கழித்து டாக்டர் செக்கப். ஓட்டமும் குதியும் மூன்று மாதத்துக்குப் பிறகுதான். சிசேரியன் என்றால் இன்னும் நிதானம். குதிக்கும்போது சிறுநீர் கசிகிறதா? வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். பிசியோதெரபிஸ்ட் சொல்லித் தரும் பயிற்சியில் பெரும்பாலும் சரியாகிவிடும்.

எல்லாப் பெண்களும் இந்தியாவுக்கு ஆடப்போவதில்லை. விளையாட்டு ஒதுக்கீட்டில் எல்லோருக்கும் வேலை கிடைக்கப்போவதும் இல்லை. ஆனால் பதினான்கு வயதில் சேர்க்கும் எலும்பு வலுவும் தசை வலுவும் ஐம்பது வயதில் மூட்டுவலி டாக்டர் வீட்டு வாசலில் கைகொடுக்கும்.

அதனால, அடுத்த தடவை "போதும், உள்ளே வா"ன்னு சொல்லத் தோணும்போது, கையிலிருக்கிற பந்தைப் பிடுங்காதீங்க. ஒரு ரத்தப் பரிசோதனை செய்து பாருங்க. அது போதும்!