பார்க்டேலில் ஆறிக்கிடக்கும் றேடியேற்றர்கள்

குளிர்காலம் தொடங்கியதும் பார்க்டேல் வாழ் எம்மவரிடையே எழும் முதல் முறைப்பாடு, றேடியேற்றர் சுடவில்லை என்பதே. யாழ்ப்பாணத்தில் வீடு கட்டுபவரின் கவலை காற்றை உள்ளே விடுவது; இங்கோ அதைச் சூடாக்கி அடைத்து வைப்பது. இந்தப் பாடத்தை எமக்கு எவரும் கற்பித்ததில்லை.

1879இல் தனிக் கிராமமாகி, 1889இல் ரொறன்ரோவுடன் இணைந்த பகுதி பார்க்டேல். ஏரிக்கரையை அண்டி வசதி படைத்தோர் கட்டிய பெருவீடுகள் பின்னாளில் அறை அறையாகப் பிரிக்கப்பட்டன. 1950களில் கார்டினர் நெடுஞ்சாலை ஏரிக்கும் ஊருக்கும் குறுக்கே வந்தது. ஜேம்சன் அவெனியூவில் தொடர்மாடிகள் எழுந்தன. இத்தகைய கட்டிடங்கள் பலவற்றில் நிலவறைப் பொயிலரிற் சூடாகும் நீரே குழாய்வழி வெப்பத்தைக் கொண்டு வருகிறது.

றேடியேற்றரைக் கையால் தொட்டுப் பாருங்கள். கீழ்ப்பாகம் சுட்டு மேற்பாகம் குளிர்ந்திருந்தால், உள்ளே காற்று அடைபட்டுள்ளது. மேல் ஓரத்திலுள்ள சிறு திருகை அதற்குரிய சாவியால் மெல்லத் தளர்த்தினால் காற்று சீறி வெளியேறும். நீர் வரத் தொடங்கியதும் மூடிவிட வேண்டும். கீழே ஒரு பாத்திரமும் துணியும் வையுங்கள். மேற்பாகம் சுட்டுக் கீழ்ப்பாகம் குளிர்ந்தால் துருச்சேறு படிந்துள்ளது எனலாம்; அது தொழில்நுட்பவியலாளரின் வேலை. முழுவதும் ஆறிக்கிடந்தால் முதலில் வால்வு திறந்துள்ளதா எனக் கவனியுங்கள். முந்தைய குடியிருப்பாளர் மூடிவிட்டுப் போன வால்வுக்காக மாதக்கணக்கில் நடுங்கியோரும் உளர்.

சொந்த வீடாயின் பொயிலரின் அழுத்தமானியையும் பார்க்க வேண்டும். இரண்டு மாடி வீட்டுக்குக் குளிர்ந்த நிலையிற் சதுர அங்குலத்துக்கு ஏறக்குறைய 12 இறாத்தல் அழுத்தம் தேவை. அது குறைந்தால் மேல்மாடிக்கு நீர் ஏறாது.

இங்கே ஓர் எச்சரிக்கை. றேடியேற்றருக்கு ஒரேயொரு குழாய் மட்டும் வந்து, பக்கவாட்டிற் சிறு குப்பி போன்ற காற்றுப்போக்கி இருந்தால் அது நீராவியில் இயங்குவதாக இருக்கலாம். அதிற் சாவியைப் பிரயோகிக்க வேண்டாம். அதன் வால்வு முற்றாகத் திறந்தோ முற்றாக மூடியோ இருக்க வேண்டும். பாதி திறந்தால் நீர் தேங்கி, இரவெல்லாம் சம்மட்டி அடிக்கும் ஓசை கேட்கும்.

வாடகைக்கு இருப்போர் பொயிலரைத் தொடலாகாது. வெப்பத்தை வழங்கும் பொறுப்பு வீட்டுச் சொந்தக்காரருடையதாயின், குளிர்காலத்தில் வதிவிடத்தில் குறைந்தது 21 பாகை செல்சியஸ் நிலவ வேண்டும் என்பது ரொறன்ரோ மாநகரசபையின் விதி. ஒரு வெப்பமானி வாங்கி, திகதியும் நேரமும் இட்டு அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். சொந்தக்காரருக்கு எழுத்தில் அறிவித்துப் பிரதி ஒன்றை வைத்திருங்கள். பலனில்லையேல் 311ஐ அழைத்துத் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள்.

அகதி விண்ணப்பம் நிலுவையில் இருப்போர் இவ்விடத்திலேதான் தயங்குகின்றனர். அந்த அச்சத்தின் விலையைக் குழந்தைகள் இருமலாகச் செலுத்துகின்றனர். மாநகரசபை 2013இல் ஏற்ற கொள்கை, குடிவரவு நிலை பாராது சேவை வழங்குவதாகும். முறையிட்டதற்காகவே வெளியேற்றக் கோரினால், ஒன்ராறியோவின் 2006ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி அதனை நடுவர் சபை மறுக்க வேண்டும். சொந்தக்காரர் குடும்பத்துடன் சமையலறையையோ குளியலறையையோ பகிர்வோருக்கு இச்சட்டத்தின் காப்பு இல்லை.

கோபத்தில் வாடகையை நிறுத்த வேண்டாம். 2017இல் பார்க்டேலில் நூற்றுக்கணக்கானோர் கூட்டாகச் செய்ததைத் தனியொருவர் செய்தால் வெளியேற்ற அறிவித்தலே வந்து சேரும்.

அடுப்பைத் திறந்துவைத்தோ கரி மூட்டியோ அறையைச் சூடாக்கவும் வேண்டாம். காபன் மொனொக்சைட்டுக்கு மணமும் நிறமும் இல்லை. 2013 டிசெம்பர் பனிப்புயலில் மின்சாரம் அற்றபோது ரொறன்ரோவிற் பலர் இவ்வாறே நச்சுவாயுவுக்கு உள்ளாகினர். ஆவணங்களுடன் 1971 முதல் இயங்கும் பார்க்டேல் சமூகச் சட்ட உதவி நிலையத்தை அணுகலாம்.