மண் பாதைக்குப் பழைய வேன் தாங்குமா?



தாம்பரம், செம்பாக்கம், மேடவாக்கம் பக்கத்துத் திருச்சபைகளில் அவ்வப்போது கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு. "வீட்டு வாசலில் பழைய வேன் ஒன்று நிற்கிறது. உள்ளே படுக்கை, அலமாரி, அடுப்பு எல்லாம் வைத்து, குடும்பமாக ஏற்காடு, கொடைக்கானல் என்று சுற்றி வந்த வண்டி. பிள்ளைகள் வெளியூர் போய்விட்டார்கள். இதை மிஷன் ஆஸ்பத்திரியின் கிராம ஊழியத்துக்குக் கொடுத்தால் என்ன?"

நல்ல எண்ணம்தான். ஆனால் கொடுப்பதற்கு முன், மண் பாதை ஒரு பழைய வண்டியை என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்வது அவசியம்.

மண் பாதையில் மருத்துவ வண்டி ஓடுவது நமக்குப் புதிதல்ல. வேலூரில் 1900-ல் ஒரே ஒரு கட்டிலோடு வைத்தியம் தொடங்கிய டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார், ஆஸ்பத்திரிக்கு வர இயலாத வியாதியஸ்தரைத் தேடித் தாமே கிராமங்களுக்குப் புறப்பட்டார். முதலில் மாட்டு வண்டி. 1909-ல் ஒரு பெஜோ மோட்டார் கார் கிடைத்தது. குடியாத்தம் சாலையில் மரத்தடிகளில் வண்டியை நிறுத்தி மருந்து கொடுத்தார். ஒரு வாரம் வண்டி வராவிட்டால், மரத்தடியில் காத்திருந்தவர் புண்ணோடு வீடு திரும்ப வேண்டியதுதான். இன்றும் மருத்துவ வண்டி வழியில் உடைந்து நின்றால் நஷ்டப்படுகிறவர் அந்த வியாதியஸ்தரே.

செம்பாக்கத்தைச் சுற்றி இன்று மண் பாதை அபூர்வம். (சாக்கடைக்குத் தோண்டிப் போட்ட தெருக்களைச் சேர்க்காமல் சொல்கிறேன்!) 2021-ல் செம்பாக்கம் தாம்பரம் மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டது. 2000-ல் தொடங்கிய பிரதம மந்திரி கிராமச் சாலைத் திட்டத்தால் அநேக கிராமங்களுக்கும் தார் போய்விட்டது. ஆனாலும் மலைகள் உண்டே! இங்கிருந்து செங்கற்பட்டு, போளூர் வழியாக ஜவ்வாது மலையின் ஜமுனாமரத்தூர் ஏறக்குறைய 200 கி.மீ. அதுவரை தார்ச் சாலை. அதற்கப்பால் சில குக்கிராமங்களுக்குக் கல்லும் மண்ணுமான பாதைதான். பழைய வண்டிக்கு 200 கி.மீ. தார்ச் சாலை பெரிய காரியமல்ல. கடைசி 5 கி.மீ.தான் சோதனை.

வண்டியை உடைப்பது பெரிய பள்ளம் என்று பலர் நினைக்கிறார்கள். பள்ளம் கண்ணுக்குத் தெரியும், ஓட்டுநர் மெதுவாக இறக்குவார். உண்மையான சத்துரு விடாத அதிர்வு. மண் பாதையில் சக்கரங்கள் துள்ளித் துள்ளி ஓடுவதால் குறுக்கே அலை அலையாக வரிகள் விழுகின்றன. அவற்றின்மேல் வண்டி மணிக்கணக்கில் நடுங்கும். முதலில் அலமாரியின் திருகாணிகள் கழன்று விழும். பிறகு ஷாக் அப்சார்பர் சூடேறி எண்ணெய் கசியும். ஸ்பிரிங் பட்டைகளை அச்சோடு பிடித்திருக்கும் யு போல்ட்டுகள் தளரும். அவை தளர்ந்தால் பட்டைகளைக் கோத்திருக்கும் நடு போல்ட் முறியும், அச்சு இடம் மாறும், வண்டி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு ஓடும். இந்த வரிகளின்மேல் வேகமாகப் போனால் குலுக்கம் குறையும் என்று சொல்வார்கள். குறைவது மெய்தான், அப்போது சக்கரம் பாதி நேரம் தரையில் இருப்பதில்லை, வளைவில் பிடிப்பும் இராது. பாரம் ஏற்றிய பழைய வேன் மெதுவாகத்தான் போகவேண்டும். நேரம் போனால் போகட்டும்.

பாரத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். சுற்றுலா வேனில் 100 லிட்டர் தண்ணீர்த் தொட்டி இருந்தால், தண்ணீர் மட்டுமே 100 கிலோ. அதோடு கட்டில், பலகை, அடுப்பு. அதன்மேல் மருந்துப் பெட்டிகள், செவிலியர், ஆய்வக உதவியாளர். ஆகவே தானமாக வரும் வேனில் முதல் வேலை, உள்ளே இருப்பதில் பாதியைக் கழற்றுவது. அழகாகச் செய்த அலமாரியைக் கழற்றும்போது கொடுத்தவருக்கு வருத்தமாக இருக்கும்; வேறு வழியில்லை. கனமானவை கீழே, இரண்டு அச்சுகளுக்கும் நடுவே இருக்கவேண்டும். கூரைமேல் பாரம் ஏற்றினால் சரிவான பாதையில் வண்டி சாயும். ஆக்ஸிஜன் சிலிண்டரை வாரால் இறுகக் கட்டவேண்டும். அவிழ்ந்த சிலிண்டர் பிரேக் போட்ட நொடியில் பீரங்கிக் குண்டாகிவிடும். தடுப்பூசிப் பெட்டி 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்கவேண்டும். அதை எஞ்சின் சூட்டுக்குப் பக்கத்தில் வைக்கலாகாது.

தூசி இன்னொரு தொல்லை. ஓடும் வண்டியின் பின்புறம் காற்றழுத்தம் குறைவதால், பின்கதவு இடுக்கு வழியாகத் தூசி உள்ளே இழுக்கப்படுகிறது. பின்கதவின் ரப்பரை மாற்றினால் தூசி குறையும். இதைச் செய்யாத வண்டியில் கிராமம் போய்ச் சேர்வதற்குள் காயம் கட்டும் துணியெல்லாம் செம்மண் நிறமாகிவிடும்.

டயர் விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. வீட்டில் நின்ற வேனின் டயரில் பட்டன் நன்றாகத் தெரியும். ஆனால் ரப்பர் காய்ந்திருக்கும். பக்கவாட்டில் நான்கு இலக்கம் பாருங்கள்: 3519 என்றால் 2019-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரம் செய்தது. ஆறு, ஏழு வருடம் தாண்டியதை மலைக்கு அனுப்பாதிருப்பது நல்லது. மணலிலும் கல் பாதையிலும் காற்றைச் சிறிது இறக்கினால் டயர் பரந்து பிடிக்கும், குலுக்கமும் குறையும். ஆனால் வேகத்தைக் குறைக்கவேண்டும், தார்ச் சாலை ஏறுமுன் மறுபடி காற்று நிரப்பவேண்டும். ஆகவே வண்டியில் ஒரு பம்பு அவசியம்.

இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வராமல், ஏறிய கியரிலேயே இறங்கவேண்டும். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். பழையதானால் சூட்டில் கொதித்து, மிதித்தாலும் பிடிக்காமல் போகும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவதற்கு ஆகும் செலவு சொற்பம்.

ஓடையில் தண்ணீர் இருந்தால் முதலில் ஒருவர் இறங்கி நடந்து பார்க்கவேண்டும். ஓட்டம் பலமாக இருந்தால் திரும்பிவிட வேண்டியதுதான். நடுவில் எஞ்சின் நின்றுபோனால் மறுபடி ஸ்டார்ட் செய்யக் கூடாது. தண்ணீர் சிலிண்டருக்குள் போயிருந்தால் உள்ளிருக்கும் இரும்புத் தண்டே வளைந்துவிடும். 2015 டிசம்பர் வெள்ளத்தை முடிச்சூர், வரதராஜபுரம் பக்கத்தார் மறந்திருக்கமாட்டார்கள். வெள்ளத்தில் நின்ற வண்டிக்கும் இதுவே விதி.

"புதிய வண்டியே வாங்கலாமே?" என்று சிலர் நினைப்பீர்கள். பணம் இருந்தால் நல்லதே. பிரேக்கும் பாதுகாப்பும் அதில் மேல். ஆனால் புதிய பி.எஸ்.6 டீசல் வண்டியின் புகைக்குழாயில் கரி பிடிக்கும் வடிகட்டி உண்டு. அது சுத்தமாக, வண்டி சிறிது தூரமாவது நல்ல வேகத்தில் ஓடவேண்டும். நாள் முழுதும் முதல் கியரில் ஊர்ந்தால் அடைத்துக்கொள்ளும். கணினி வைத்திருக்கும் பட்டறைக்குத்தான் கொண்டுபோக வேண்டும். பழைய எஞ்சினைப் போளூர் மெக்கானிக் ஸ்பானரோடு வந்து பார்த்துவிடுவார். என் எண்ணத்தில், மலை முகாமுக்கு நன்றாகப் பராமரித்த பழைய வேன் போதும். ஆபத்தான நிலையிலுள்ளவரை ஏற்றிவர மட்டும் அது ஆகாது. அதற்கு 2008 முதல் தமிழ்நாட்டில் 108 இருக்கிறது.

இப்போது உங்கள் வாசலில் நிற்கும் வேனுக்கு வருவோம். கிழக்குக் கடற்கரைப் பக்கம் நின்ற வண்டியானால் உப்புக் காற்று அடிப்பாகத்தைத் தின்றிருக்கும். ஸ்பிரிங் பட்டை சேஸிஸோடு சேரும் இடத்தில் ஸ்குரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். முனை உள்ளே இறங்கினால் அந்த வண்டி மலைக்கு ஆகாது. அதை விற்று, தொகையை டயருக்கும் பட்டைக்கும் அனுப்புங்கள். அதுவே பெரிய உபகாரம். இரும்பு கெட்டியாக இருந்தால், 15 வருடம் கடந்த வண்டிக்குப் பதிவைப் புதுப்பித்த சான்றையும் பசுமை வரி ரசீதையும் எடுத்து வையுங்கள். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30 கையெழுத்திட வேண்டும். உள்ளே கட்டில், அலமாரி பொருத்தியதற்கு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் அனுமதி பதிவுச் சான்றில் ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள். ஏறியிராவிட்டால், வண்டியை அனுப்புமுன் எங்களுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்.