வான்கோழி வேட்டையும் சின்ன ரைஃபிளும்

அமெரிக்காவில் பல மாநிலங்களில் வசந்தகால வான்கோழி வேட்டைக்கு ரைஃபிள் கூடாது, ஷாட்கன்தான். ஏன்னு தேடிப் பார்த்தேன்.

1887-ல் வந்த .22 லாங் ரைஃபிள் தோட்டாவோட குண்டு சுமார் 2.6 கிராம்தான். ஒவ்வொரு தடவையும் ஒரு தோட்டாவைக் கையால் போட்டுச் சுடுற சின்ன ரைஃபிளுக்கு, அணில், முயல் அடிக்க அது போதும். அடுத்த தோட்டா போடுறதுக்குள்ள இரை ஓடிடும். அதனால பொறுமையா குறி பார்ப்பாங்க. கறியும் அதிகம் சிதையாது.

ஆனா குறி தப்பினா அந்தக் குண்டு ஒன்றரை மைல் வரை போகலாம். ஷாட்கன் ரவைகள் சில நூறு மீட்டரிலேயே விழுந்துடும்.

வான்கோழி வேட்டைக்காரர் புதரோடு புதரா ஒளிஞ்சு, பெட்டை மாதிரி குரல் கொடுத்துச் சேவலை வரவழைப்பார். அந்தக் குரலை நம்பி இன்னொரு வேட்டைக்காரரும் துப்பாக்கியோட வரலாம். தடைக்கு இந்த ஆபத்து ஒரு முக்கியக் காரணம்.